பதினேழாம் எண்ணுக்கு நூறு சதவீதம்

நான் வகுப்புக்குப் போவதை நிறுத்தி ஒன்பது வாரம் ஆனபோது, ஒரு நாள்கூடத் தவறாமல் வகுப்புக்கு வந்ததற்காக என்னைப் பாராட்டி வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது.

கடிதத்தைப் பிரித்தவள் என் மகள். சத்தமாகப் படித்தவர் என் கணவர். அவர் சலூன் வைத்திருக்கிறார். நாள் முழுக்க, எழுந்து ஓட முடியாத மனிதர்களிடம் பேசிப் பழகியவர் என்பதால், வீட்டிலும் அவர் குரல் அப்படித்தான் இருக்கும்.

வயது வந்தோருக்கான பத்தாம் வகுப்பு மாலை மையத்திலிருந்து வந்திருந்தது அது. மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். விட்டவர்களைச் சந்தித்துப் பேச முயன்றார்களாம். அவர்கள் வகுப்பில் இல்லாத காரணத்தால் அது இயலவில்லையாம். ஆகவே, விடாமல் வருகிறவர்களைச் சந்தித்து, எது அவர்களை நிறுத்தி வைக்கிறது என்று கேட்க முடிவு செய்திருக்கிறார்கள். இந்த மையத்தில் நூறு சதவீத வருகை உள்ள ஒரே மாணவி, எண் பதினேழு, தாங்கள்தான். வரும் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குழு வகுப்புக்கே வருகிறது.

"நூத்துக்கு நூறு!" என்றார் கணவர். "எங்க வம்சத்துல யாரும் எதுலயும் நூறு வாங்கினதில்ல. எங்கப்பாவுக்குக் காய்ச்சல்தான் ஒரு தடவ நூறு வந்துச்சு."

"எனக்கு எண்பத்தொண்ணுதாம்மா" என்றாள் ஒன்பதாவது படிக்கும் மகள், பயத்தோடு. "இனிமே வயித்து வலின்னு சொன்னா யார் நம்புவாங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எங்கள் வீட்டில் செய்தி அல்ல. அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மதியத்துக்குள் கடிதம் லேமினேட் செய்யப்பட்டுச் சலூனில் தொங்கியது. நாற்காலிக்குப் பின்பக்கச் சுவரில் மாட்டியிருந்தார். முடி வெட்டிக்கொள்பவர்கள் அதை எதிர்க் கண்ணாடியில்தான் பார்க்க முடியும்; எழுத்தெல்லாம் இடவலமாகத் தெரியும். அதனால் என்ன, அவரே வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

நான் எதற்காக வகுப்பை விட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் ஒரு லாண்டரியில் வேலை செய்கிறேன். ஹோட்டல்களிலிருந்து வரும் விரிப்புகள், வீடுகளிலிருந்து வரும் சட்டைகள். ஒவ்வொன்றின் காலரிலும் ஓரத்திலும் எண் போட்ட சின்ன டேக் குத்துவதும், வெளுத்து வந்த பிறகு எண் பார்த்துச் சேர்த்து இஸ்திரி போடுவதும் என் வேலை. வகுப்பு வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. சேர்ந்து இரண்டு மாதம் ஒழுங்காகப் போனேன். பிறகு லாண்டரியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலையை விட்டார்கள். இரண்டு வாரம் விரிப்பு மலையடியிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை. ஆறு வகுப்பு போயிற்று. தொடர்ந்து ஆறு வகுப்பு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்பது அங்கே விதி.

ஏழாவது வகுப்புக்குப் போனேன். தாமதமாகிவிட்டது. கதவில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, கரும்பலகையில் நடந்துகொண்டிருந்தது கணக்கு. ஆனால் அதில் எண்ணே இல்லை, எழுத்துகளாக இருந்தன. இரண்டு, ஜன்னலோரம் இரண்டாம் வரிசையில் இருக்கும் என் நாற்காலியில் யாருடைய பையோ உட்கார்ந்திருந்தது.

கதவைத் தள்ளினால் பதினாலு தலைகள் திரும்பும். "இத்தன நாளா எங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். நான் திரும்பி நடந்தேன்.

சிறுவயதில் எட்டாம் வகுப்பை விட்டதும் இதே மாதிரிதான். யார் கேட்டாலும் "அப்போ வீட்டு நிலைமை" என்று சொல்லிவிடுவேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டு நிலைமை ஒன்றும் மோசமில்லை. எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. பன்னிரண்டு நாள் கழித்துப் போனால் என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். புது பென்சில் பாக்ஸ் வைத்திருந்தாள். நான் நின்றேன். டீச்சர் தலையைத் தூக்காமல், "எங்கயாவது உக்காரு" என்றார். நான் சுற்றிப் பார்த்தேன். வீடும் ஒரு எங்கேயாவதுதான் என்று தோன்றியது. போய்விட்டேன். இருபத்தேழு வருஷம் ஆகிறது.

இந்த முறை வீட்டில் சொல்லத் துணிவில்லை. கணவர் எனக்காக ஒரு பை வாங்கித் தந்திருந்தார், மகள் அதில் என் எண்ணை எழுதியிருந்தாள். எனவே வகுப்பு நாட்களில் வழக்கம்போலப் பையோடு கிளம்பி, எலும்பு ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு, வாய் பேசாமல் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் தப்பாக நினைக்காத இடம் அது ஒன்றுதான். மூன்றாவது வாரம் டோக்கன் கொடுக்கும் பெண், "யாருக்கும்மா முடியல?" என்று கேட்டாள். "மாமியாருக்கு. முழங்கால்" என்றேன். என் மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இறந்துவிட்டவர். படத்தில்தான் பார்த்திருக்கிறேன், முகத்தை மட்டும். முழங்காலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் வாரா வாரம் அக்கறையாகக் கேட்டாள், நானும் வாரா வாரம் அந்த முழங்காலை மோசமாக்கிக்கொண்டே போனேன். போன் நம்பர் கேட்டபோது, என்னிடம் போன் இல்லாததால், சலூன் நம்பரைக் கொடுத்தேன். வேறு நம்பர் எனக்கு மனப்பாடமில்லை.

இந்த நிலைமையில்தான் நூறு சதவீதம்.

திங்கட்கிழமை நாலரைக்கே மையத்து வாசலுக்குப் போனேன். பேக்கரிக்காரர் நின்றுகொண்டு பன் தின்றுகொண்டிருந்தார். எனக்குப் பின் வரிசை. ஆறடி ஆள், பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போலக் குரல். என்னைப் பார்த்ததும் பன்னைக் கீழே போட்டுவிட்டார்.

"அக்கா! எங்க போய்த் தொலஞ்சீங்க? உங்களுக்காகக் கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு!"

"எனக்காகவா?"

"பின்ன? 'உள்ளேன்', 'உள்ளேன்'னு ஒன்பது வாரமா. அதுவும் உங்க கொரல்ல. உங்க கொரல் எப்படி இருக்கும்னே யாருக்கும் தெரியல. கிளாஸ்ல அந்த ஒரு வார்த்தையத் தவிர வேற எதாவது பேசியிருக்கீங்களா நீங்க? சரின்னு மெல்லிசா, கொசு மாதிரி சொன்னேன்."

பள்ளி வேன் ஓட்டுகிறவள் வந்து சேர்ந்தாள். அவள் எனக்குப் பக்கத்து நாற்காலி. வேனில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற பார்வையால் என்னைப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கீங்களா? நல்லது. மொதல்ல இவரு மட்டும்தான் சொன்னாரு. இவரு வராத நாள் நான். நாங்க ரெண்டு பேரும் வராட்டி, மூலைல தூங்குவாரே ஒன்பதாம் நம்பர், அந்த வாட்ச்மேன். முறை போட்டு வெச்சிருக்கோம்." நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். கோடு போட்டு, நாள் போட்டு, என் வருகைக்குத் தனிப் பட்டியலே இருந்தது.

அப்போதுதான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒற்றை ஆளாக வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் தவறியிருக்கிறார்கள். மூன்று பேராக வந்த நான் தவறவே இல்லை.

எனக்குக் கண் கலங்கியது. பேக்கரிக்காரர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"ஐயோ, பாசம்னு நெனச்சுடாதீங்க. சேந்தது இருபத்திரண்டு பேரு. ஏழு பேரை அடிச்சாச்சு. மிச்சம் பதினஞ்சு. பதினஞ்சுக்குக் கீழ போனா கிளாஸையே மூடிடுவாங்க. உங்கள அடிச்சா நாங்க பதினாலு பேரும் காலி. நான் பத்தாவது முடிச்சாத்தான் பேக்கரில மேஸ்திரி ஆக முடியும். அதான்."

"கொஞ்சம் பாசமும்தான்" என்றாள் வேன்காரி.

"அப்படின்னா யாராவது என்னைத் தேடி வந்திருக்கலாமே" என்றேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. ஏழு வாரம் எலும்பு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்ததில் அது உள்ளே சேர்ந்துவிட்டிருக்க வேண்டும்.

"தேடலையா?" என்றார் பேக்கரிக்காரர். "வாசல்ல ஒரு தடவ லாண்டரின்னு சொன்னீங்க, எந்த லாண்டரின்னு சொன்னீங்களா? ரெண்டு லாண்டரிக்குப் போனேன். சும்மா போய்க் கேட்டா நல்லா இருக்காதேன்னு ரெண்டு இடத்துலயும் ஒரு பேன்ட் குடுத்தேன். ஒண்ணு சுருங்கிப் போச்சுக்கா. என் தம்பி போட்டுட்டிருக்கான்."

"என் நாற்காலில பை இருந்துச்சே" என்றேன். "எடம் போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"அது என் பை" என்றாள் வேன்காரி. "அது மேல என் சால்வைய வேற போத்தி வெச்சிருந்தேனே, பாக்கலையா? சாருக்குத் தூரப் பார்வ மங்கல். முன்னாடி நின்னு பாத்தா ஆள் உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும். உங்க எடத்த வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னுதானே வெச்சேன்!"

ஒரு பையைப் பார்த்து ஓடிப்போனவள் நான். அந்தப் பை நானாக இருந்திருக்கிறது.

"சரி, புதன்கிழமை வந்துடுங்க" என்றார் பேக்கரிக்காரர். "விஷயம் வெளிய வந்தா நீங்க மட்டுமில்ல, கிளாஸே போயிடும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே. ஒன்பது வாரப் பாடம் போச்சே."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா?" என்றார் அவர், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கடைக்கு ஒரு போன் வந்துச்சு" என்றார். "எலும்பு ஆஸ்பத்திரியிலருந்து. எங்கம்மாவுக்கு வெள்ளிக்கிழமை முழங்கால் ஆபரேஷனாம். வெறும் வயித்தோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

மகள் சுவரிலிருந்த பாட்டி படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வார விரிப்பு, கண்ணாடிக் கதவு, பை, டோக்கன் பெண், மூன்று குரல். எட்டாம் வகுப்புப் பென்சில் பாக்ஸையும் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். கணவர் நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதுவும் அன்றுதான்.

முடித்ததும் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தக் கடுதாசி?" என்றார்.

"தப்பு."

"தப்பா? லேமினேட் பண்ணிட்டனே."

நான் தலையாட்டினேன்.

"நாப்பது பேருக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன். ஒருத்தர் ஷேவிங் பாதில எந்திரிச்சுக் கை குடுத்தாரு." அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். பிறகு, "வீட்டு நிலைமைன்னுதான் எங்கிட்டயும் சொன்னே. நான் உங்கப்பாவ இத்தன வருஷமா மனசுக்குள்ள திட்டிட்டிருக்கேன், தெரியுமா? பாவம், நல்ல மனுஷன்" என்றார்.

"நாளைக்குப் போகவா, வேணாமா?" என்றேன்.

"அத ஏன் என்னக் கேக்கற? கழட்டச் சொன்னா இப்பவே போய்க் கழட்டிடறேன். ஆனா போறதா இருந்தா, நெஜமாப் போ. அந்தக் கடுதாசி இனிமேலாவது நெஜமாகட்டும்."

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, பலகைல எழுத்தா இருந்துச்சுன்னியே, எக்ஸா?"

"ஆமா. கூட வேற என்னென்னமோ."

"அவ்வளவுதானா? எக்ஸ்னா ஒண்ணுமில்லம்மா. எந்த நம்பர்னு இன்னும் தெரியாத நம்பர். மத்ததையெல்லாம் வெச்சுக் கண்டுபிடிக்கணும்."

நான் யோசித்தேன். லாண்டரியில் தினம் இரண்டு மூன்று சட்டைக்கு டேக் விழுந்துவிடும். யாருடையது என்று தெரியாது. அந்த மூட்டையில் வந்த மற்ற சட்டைகளையெல்லாம் எண்படி அடுக்கினால், கடைசியில் எந்த எண்ணுக்குச் சட்டை குறைகிறதோ அதுதான் இது. பதினோரு வருஷமாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

"டேக் விழுந்த சட்டையா?" என்றேன்.

மகள் முழித்தாள். "அப்படித்தான் இருக்கணும்" என்றாள்.

புதன்கிழமை வகுப்பில் நுழைந்தபோது என் நாற்காலியில் பையும் சால்வையும் இருந்தன. வேன்காரி இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போல ஜன்னலைப் பார்த்தாள். ஒருவரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. இதற்காகவா ஒன்பது வாரம் பயந்தேன் என்று இருந்தது.

பேக்கரிக்காரர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "இன்னைக்கு நாங்க வாயத் தெறக்க மாட்டோம். நீங்களே சொல்லணும். வாட்ச்மேன்கிட்டயும் சொல்லிட்டேன்."

வாட்ச்மேன் மூலையில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் எங்கேயோ ஒரு கட்டடத்தைக் காக்கிறவர். வகுப்புதான் அவருக்குப் படுக்கை. எண் ஒன்பது வரும்போது விழித்து 'உள்ளேன்' சொல்வார், பிறகு மறுபடி தூங்குவார்.

குழு வந்தது. தலைவியாக ஒரு அம்மையார், மடிக்கணினியோடு ஓர் இளைஞர், எதற்கு வந்தார் என்று கடைசிவரை தெரியாத ஓர் அதிகாரி. முதல் வரிசையில் எங்களுக்கு எதிராக நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"நாங்க இருக்கறதையே மறந்துடுங்க" என்றார் தலைவி. "எப்பவும் போலக் கிளாஸ் நடக்கட்டும்."

சார் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். தலை குனிந்தே கூப்பிடுவார். அடிக்கப்பட்ட எண் வரும் இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி அடுத்ததற்குப் போவார். அந்த ஏழு மூச்சுகளும் எனக்குப் பிடிக்கும். போனவர்களுக்காக அங்கே மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

"பதினாலு."

"உள்ளேன்."

ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

"பதினேழு."

என் தொண்டையில் குரல் வரவில்லை. வாயைத் திறந்தேன். காற்று வந்தது. ஒரு கணம், இரண்டு கணம். அப்போது மூலையிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, வாட்ச்மேன், "உள்ளேன்" என்றார். ஒன்பது வாரப் பழக்கம். எண் காதில் விழுந்தால் போதும். அதைக் கேட்டுப் பதறிய பேக்கரிக்காரர், மறைக்கிறேன் பேர்வழி என்று கொசுக் குரலில், "உள்ளேன்" என்றார். ஆறடி மனிதரிடமிருந்து அந்தக் குரல் வந்ததும் மடிக்கணினி இளைஞர் நிமிர்ந்தார். வேன்காரி அதைச் சமாளிக்க, "உள்ளேன்!" என்று வேனில் கத்துவது போலக் கத்தினாள். எல்லாம் முடிந்த பிறகு, அந்த அமைதியில், என் குரல் தனியாக வந்தது: "உள்ளேன்."

நாலு பேர். ஒரு எண்.

தலைவி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: "இது என்ன சார்?"

சார் தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாலு மாதத்தில் அவர் எங்களைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"இங்க அப்படித்தான் மேடம்" என்றார். "ஒரு நம்பரக் கூப்பிட்டா, அவங்கள சுத்தி உக்காந்திருக்கறவங்களும் சேந்து சொல்லணும். பக்கத்துல ஆள் இருக்கா இல்லையான்னு எல்லாருக்கும் தெரியணும்ல. இல்லாட்டி ஒருத்தர் வராததை நான் மட்டும்தான் கவனிப்பேன். நானும் ஒழுங்கா கவனிக்க மாட்டேன்."

"ஓ!" என்றார் தலைவி. "ஆனா மத்த நம்பருக்கு யாரும் அப்படிச் சொல்லலையே?"

"பதினேழுலருந்துதான் ஆரம்பம் மேடம்" என்றார் சார், இமைக்காமல். "முன்னாடி இருக்கறவங்களுக்கு அடுத்த வாரம்." உடனே பதிவேட்டில் குனிந்தார். "பதினெட்டு!"

பதினெட்டு எங்கள் வரிசைக் கடைசியில் இருக்கும் தச்சர். அவர் வாயைத் திறப்பதற்குள் எட்டு பேர், "உள்ளேன்!" என்றார்கள். இருபதுக்கு வகுப்பு முழுதும் கத்தியது. இருபத்திரண்டுக்கு அதிகாரியும் சேர்ந்து சொன்னது போல எனக்குத் தோன்றியது. அந்தக் கூச்சலில் வாட்ச்மேன் முழுதாக விழித்துக்கொண்டு, "தீயா?" என்று கேட்டார்.

இளைஞர் தட்டச்சு செய்தபடியே, "கூட்டு... வருகை... முறை" என்று முணுமுணுத்தார்.

பிறகு என் முறை. தலைவி என்னை எதிரே உட்கார வைத்தார்.

"சொல்லுங்கம்மா. உங்கள விடாம வர வெச்சது எது? குடும்ப ஆதரவா, லட்சியமா, போக்குவரத்து வசதியா? ஒண்ண மட்டும் சொல்லுங்க."

நான் யோசித்தேன். யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு நேரமாகும். சுவர்க் கடிகாரம் கேட்டது.

"'மற்றவை'ன்னு போட்டுக்கவா?" என்றார் இளைஞர்.

"நான் வராத நாள்லயும் என் பேரு வந்துச்சு மேடம்" என்றேன். பொய் சொல்லத் தெரியவில்லை. பின்னால் பேக்கரிக்காரரின் நாற்காலி கிறீச்சிட்டது.

தலைவியின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகாச் சொல்றீங்க! உடம்பு வராட்டியும் மனசு இங்கயே இருந்திருக்கு. எழுதிக்கோ தம்பி, அப்படியே எழுதிக்கோ."

தப்பித்துவிட்டேன். எழுந்து போயிருக்கலாம். ஆனால் கேட்க ஆள் கிடைத்ததும், உள்ளே இருப்பது தானாக வெளியே வரும் பழக்கம் முந்தின நாளிலிருந்து எனக்கு வந்திருந்தது.

"இன்னொண்ணு மேடம். பாதில விட்டவங்க திரும்பி வர்ற அன்னைக்குக் கதவு வரைக்கும் வந்துட்டுத்தான் போறாங்க. வீட்டிலேயே உக்காந்து விட்டவங்க ரொம்பப் பேர் இருக்க மாட்டாங்க. கதவு வரைக்கும் வந்தவங்கள 'எங்கயாவது உக்காரு'ன்னு சொல்லக் கூடாது. அவங்க எடம் அவங்களுக்கு இருக்கணும்." பிறகு பென்சில் பாக்ஸைச் சொன்னேன்.

இளைஞர், "இடப் பற்றாக்குறை" என்று தட்டினார். தலைவி மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு பேர் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். சொல்ல மாட்டேன்."

அவர் சிரித்தார்.

குழு போன பிறகு சார் பலகையில் எக்ஸ் போட்டார். நான் நோட்டில் முதல் கணக்கைத் தப்பாகப் போட்டேன். இரண்டாவதையும் தப்பாகப் போட்டேன், ஆனால் வேறு மாதிரி. வகுப்பு முடிந்து போகும்போது சாரிடம் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவரே, பையை மூடிக்கொண்டே, "எனக்குக் கண்ணு மங்கல்தாம்மா. ஆனா பேக்கரிக்காரரோட கொரல் பொம்பளக் கொரல்னு நம்பற அளவுக்குக் காது மங்கல்ல" என்றார். "பதினஞ்சு பேர் இல்லாட்டி எனக்கும்தானே கிளாஸ் இல்ல."

மூன்று வாரத்தில் எல்லா மையங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. கூட்டு வருகை முறை கட்டாயம். ஆள் இருந்தால் சுற்றியிருப்பவர்கள் சேர்ந்து 'உள்ளேன்' சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்து 'இல்லை' சொல்ல வேண்டும். மாற்று ஆள் குரல் கொடுப்பதை இது அடியோடு ஒழிக்கும் என்று அதில் எழுதியிருந்தது. கணவர் அதற்கும் ஒரு பிரதி கேட்டார். லேமினேட் செய்தவை இப்போது இரண்டு.

ஆபரேஷன் என்று சொன்ன அந்த வெள்ளிக்கிழமை காலையே ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் பெண்ணிடம் மாமியார் தவறிவிட்டதாகச் சொன்னேன். எப்போது என்று கேட்டாள். பதினாறு வருஷத்துக்கும் முன்னால் என்று சொன்னேன். அவள் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

சுற்றறிக்கை வந்த அடுத்த வாரம் திங்கட்கிழமை வாட்ச்மேன் வரவில்லை. புதனும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் புது முறை நடக்கிறதா என்று பார்க்க மேலிடத்திலிருந்து யாரோ வந்து உட்கார்ந்திருந்ததால், விதிப்படி "இல்லை" என்றோம். சொல்லும்போது நன்றாகவே இல்லை. வெள்ளிக்கிழமை யாரும் வந்து உட்காரவில்லை.

"ஒன்பது" என்றார் சார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. மூலையில் சுவரில் அவர் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய் பிடித்த இடம் ஒரு வட்டமாகத் தெரிந்தது. பேக்கரிக்காரர் நோட்டில் எதையோ தீவிரமாகத் தேடினார். வேன்காரி என்னைப் பார்த்தாள். சார் மூச்சை நிறுத்திவிட்டு, அடுத்த எண்ணுக்குப் போகாமல், அப்படியே இருந்தார்.

"உள்ளேன்" என்றேன். வகுப்பில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

சார் தலையைத் தூக்கவில்லை. டிக் போட்டார். "ஒன்பதுக்கு ஜலதோஷம் போல" என்றார். "பத்து."

ஏழு மணிக்கு வெளியே வந்ததும் இருவரையும் நிறுத்தினேன்.

"கொரல் குடுத்தா மட்டும் போதாது. போய்ப் பாக்கணும்" என்றேன். "அவர் எந்தக் கட்டடத்துக்கு வாட்ச்மேன்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அஞ்சு மாதம் ஒரே அறையில் உட்கார்ந்த மனிதர். ஒருவருக்கும் தெரியவில்லை.

"இந்தத் தெருவுலருந்து ஆரம்பிப்போம்" என்றாள் வேன்காரி, சாவியை எடுத்தபடி. "ஒவ்வொரு கேட்டாக் கேப்போம்."

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கட்டடங்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு வாட்ச்மேன்.

"சும்மா போய்க் கேட்டா நல்லா இருக்காதேக்கா" என்றார் பேக்கரிக்காரர், கவலையோடு. "லாண்டரின்னா பேன்ட் குடுக்கலாம். வாட்ச்மேன்கிட்ட என்னத்தக் குடுக்கறது?"

"பன் இருக்கா?" என்றேன்.

பையைத் திறந்து எண்ணிப் பார்த்தார். "பதினாறு."

"வாங்க" என்றேன். முதல் வாசலை நோக்கி நான்தான் முன்னால் நடந்தேன்.